மினிடிவி (MiniDV) கேசட்டில் உள்ள வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உதவி தேவை

கேள்வி: 2004இல் எடுத்த கல்யாண வீடியோ மினிடிவி கேசட்டில் இருக்கிறது. ஹேண்டிகேம் ஓடுகிறது, யுஎஸ்பி வயரில் இணைத்தால் மெமரி கார்டிலுள்ள போட்டோ மட்டும்தான் வருகிறது. விண்டோஸ் 10 டெஸ்க்டாப். கடைசியில் டிவிடி வேண்டும்.

பதில் 1: யுஎஸ்பியை விட்டுவிடுங்கள் சார். அந்தக் காலத்து மினிடிவி கேமராக்களில் பெரும்பாலும் அது போட்டோவுக்கும் வெப்கேம் தரத்துப் படத்துக்கும்தான். கேசட்டில் இருப்பது அப்படியே வர ஃபயர்வயர் என்ற தனி வகை இணைப்பு வேண்டும். கேமராவில் 'ஐ.லிங்க்' அல்லது 'டிவி' (DV) என்று எழுதிய குட்டி 4 பின் துளை இருக்கும். டெஸ்க்டாப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு போட்டு, 4 பின்–6 பின் வயரில் இணையுங்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள கார்டு கிடைத்தால் நல்லது. யுஎஸ்பி–ஃபயர்வயர் என்று விற்கும் மலிவு அடாப்டரை வாங்காதீர்கள். முனையின் வடிவத்தை மாற்றுமே தவிர வேலை செய்யாது.

வயர் மாட்டும்போது கேமரா ஆஃபில் இருக்கட்டும். பிறகு பேட்டரி இல்லாமல் கரண்ட் அடாப்டரில் ஓட்டி, ப்ளே மோடில் வையுங்கள். விண்டோஸுக்குக் கேமரா தெரியாவிட்டால், மைக்ரோசாஃப்டின் பழைய 1394 (ஃபயர்வயரின் இன்னொரு பெயர்) 'லெகசி' டிரைவரை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் அதையே தேர்ந்தெடுங்கள். வீடியோவைக் கம்ப்யூட்டரில் பிடிக்க இலவச வின்டிவி (WinDV) மென்பொருள் போதும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி.

முதலில் கேசட்டின் பூட்டை 'சேவ்' பக்கம் தள்ளுங்கள். தவறி ரெக்கார்ட் அழுத்தினால் அந்த இடத்துக் காட்சி போனதுதான்.

கேள்வி: கார்டு போட்டாச்சு, வருகிறது, நன்றி. ஆனால் கோப்பு 20 நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது. நடுவில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

பதில் 2: முதலாவது, டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. என்டிஎஃப்எஸ் டிரைவில் சேமியுங்கள். இருக்கிற டிரைவை ஃபார்மேட் செய்வதானால் முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் உடைவதைச் சரிசெய்யும் முன் ஒன்றைக் கவனியுங்கள். படம் 12 படுக்கைப் பட்டைகளாகப் பிரிந்து, ஒன்றுவிட்டு ஒன்று பழைய காட்சியிலேயே உறைந்து நிற்கிறதா? நம் ஊர் பால் (PAL) முறை மினிடிவியில் ஒரு ஃப்ரேம் டேப்பின் 12 டிராக்கில் பதிகிறது, கேமராவில் இரண்டு ஹெட் (டேப்பைப் படிக்கும் முனை) மாறி மாறிப் படிக்கின்றன. அப்படித் தெரிந்தால் ஒரு ஹெட்டில் அழுக்கு. உலர் கிளீனிங் கேசட்டை 10 நொடி மட்டும் ஓட்டுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் ஹெட் தேயும். கட்டங்கள் அங்கங்கே சிதறியிருந்தால் டேப்பைக் கடைசிவரை ஓட்டி, ரீவைண்ட் செய்து மறுபடி பிடியுங்கள். 'எல்பி'யில் (டேப்பை மெதுவாக ஓட்டி அதிக நேரம் பதியும் முறை) பதிந்த கேசட் என்றால் பதிந்த அதே கேமராவில் போடுவதுதான் நல்லது, வேறு கேமராவில் அடிக்கடி தகராறு செய்யும்.

டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் கேமராவில் போடவே வேண்டாம். அது பூஞ்சை, அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: பட்டையேதான், கிளீனிங்கில் சரியாகிவிட்டது. டிவிடிக்கு என்ன செட்டிங்?

பதில் 1: எம்பெக்-2, 720×576, 25 ஃப்ரேம், சுமார் 8 எம்பிபிஎஸ். 4.7 ஜிபி டிஸ்க்கில் ஒரு மணி நேரம் பிடிக்கும். ஃபீல்டு ஆர்டர் (ஃப்ரேமின் ஒன்றுவிட்டு ஒன்றான இரண்டு பாதி வரிகளில் எது முதலில் என்பது) 'பாட்டம் ஃபர்ஸ்ட்'; மாற்றி வைத்தால் ஆள் நடக்கும்போது படம் முன்னும் பின்னும் துடிக்கும். டிவிடிக்கு டீஇன்டர்லேஸ் (அந்த இரண்டு பாதிகளையும் ஒரே முழுப் படமாக்குவது) செய்யாதீர்கள், அது மொபைலில் பார்க்கும் எம்பி4க்குத்தான். டிவிடி எரித்ததும் கேசட்டிலிருந்து பிடித்த ஏவிஐ கோப்பை அழித்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் அசல். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள்.