பத்மினிக்கு 1089 போதுமா, 1171 ஏற்றலாமா?

பாளைக்காரன்:
அப்பா வாங்கிய 1978 பிரீமியர் பத்மினி எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. பாடி நன்றாக இருக்கிறது, ஓட்டுபவர் காலடித் தகட்டில் மட்டும் கொஞ்சம் துரு. எஞ்சின்தான் கவலை. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் நீலப் புகை. குற்றாலம் போய் வருவதற்குள் அரை லிட்டர் ஆயில் குறைகிறது. போன மாதம் செங்கோட்டை தாண்டிப் புளியரை மேட்டில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். எஸ் வளைவில் தண்ணி கொதித்து பானட் ஓரமெல்லாம் ஆவி. முக்கால் மணி நேரம் ஓரமாக நின்றேன்.

ஒரு மெக்கானிக் பழைய 1089 சிசி எஞ்சினைக் கழற்றிவிட்டு பிரீமியரின் பிந்தைய காரான 118 என்இ-யின் 1171 சிசி எஞ்சினை வைக்கச் சொல்கிறார். கியர் பாக்ஸோடு ஒன்று கிடைக்கிறதாம். இன்னொருவர் இருப்பதையே போர் பண்ணினால், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து கொஞ்சம் பெரிய பிஸ்டன் போட்டால் போதும் என்கிறார். மாதத்துக்கு மூன்று நாலு தடவை அம்பை, தென்காசி, வருடத்துக்கு ஒரு தடவை நாகர்கோவில். இவ்வளவுதான் ஓட்டம். ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தென்காசிச் சாரல்:
1171 போடுங்க தம்பி, யோசிக்கவே வேண்டாம். என் பத்மினியில் 2014-லிருந்து அதுதான் ஓடுகிறது. அது நிசானின் ஏ12 எஞ்சின். பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க்கைத் தாங்க ஐந்து பேரிங், பத்மினியில் இருக்கும் ஃபியட் எஞ்சினில் மூன்றுதான். நம்முடையது நாற்பது சொச்சம் குதிரைத்திறன், அது ஐம்பதைத் தாண்டும். முன்பு புளியரையிலிருந்து கோட்டைவாசல் ஏறும்போது இரண்டாவது கியரில் திணறி, எந்த நொடி முதல் கியருக்கு இறங்கணுமோ என்று கை லீவரிலேயே இருக்கும். இப்போது இரண்டாவதிலேயே ஏறிவிடுகிறேன். ஆயில் மாற்றுவது, டப்பெட் (வால்வு இடைவெளி) பார்ப்பது தவிர எஞ்சினுக்கு ஒரு செலவும் இல்லை.

வேலை இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மவுண்டை வெட்டி ஒட்டணும், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளத்தை மாற்றணும், ஸ்டியரிங்கில் இருக்கும் கியர் தரைக்கு வந்துவிடும். ஒரு தடவை செய்துவிட்டால் தீர்ந்தது.

பேட்டை லேத்:
சிசி-யை மட்டும் வைத்துப் பேசினால் கணக்குத் தப்பும். ஃபியட்டின் போர், அதாவது சிலிண்டரின் குறுக்களவு, 68 மில்லி; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம், 75. நிசான் 73-க்கு 70. அதாவது நம்ம எஞ்சினில் பிஸ்டன் ஒல்லி, ஓட்டம் நீளம். அதில் பிஸ்டன் அகலம், ஓட்டம் குட்டை. குட்டை ஓட்ட எஞ்சின் சுற்றவிட்டால் பறக்கும். ஆனால் மேட்டில் லாரிக்குப் பின்னால் நடை வேகத்தில் போகும்போது சுற்றே இருக்காது. அந்த இடத்துக்கு நீள ஓட்டம்தான் ஒத்துப்போகும். கூடுதலாகக் கிடைப்பது மொத்தம் 82 சிசி, நூற்றுக்கு ஏழரை. அதற்காக அப்பா பிடித்த கியர் லீவரைக் கழற்ற வேண்டுமா?

தண்ணி கொதித்ததற்கும் எஞ்சின் அளவுக்கும் சம்பந்தமில்லை. இதில் ஃபேன் எஞ்சின் சுற்றில்தான் ஓடும். மெதுவாகப் போனால் காற்றும் குறைவு. அதோடு ரேடியேட்டரில் என்ன தண்ணி ஊற்றினீர்கள்? இந்தப் பக்கம் ஆழ்குழாய்த் தண்ணி ஊற்றின பிளாக்குகளை வாரம் ஒன்று பார்க்கிறேன். பக்கத்து மூடியைத் தட்டி எடுத்தால் உள்ளே வெந்நீர்ப் பானையில் படிவது மாதிரி வெள்ளைக் காரை. ஸ்குரு டிரைவரால் குத்தினால் ஓடு ஓடாகப் பெயரும். அதை எடுக்காமல் எந்த எஞ்சின் வைத்தாலும், அதே பழைய ரேடியேட்டரைத்தானே மாட்டப் போகிறீர்கள்?

முதலில் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) பாருங்கள். அப்புறம் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அளவு ஏறினால் போரும் ரிங்கும் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு.

வள்ளியூர்க் காற்று:
இரண்டு பேருமே மலையை மட்டும் பேசுகிறீர்கள். அவர் நாகர்கோவிலும் போகிறாரே. ஆடி மாதம் பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய் நெருங்கும்போது எதிர்க்காற்று எப்படி அடிக்கும் என்று ஓட்டியவனுக்குத்தான் தெரியும். காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டிருக்கிறார்கள்? டாப் கியரில் மிதியை முழுக்க அமுக்கினாலும் என் பழைய ஃபியட் ஐம்பதுக்கு இறங்கிவிடும். மூன்றாவதுக்கு மாற்றினால் எஞ்சின் அலறும். பின்னால் ஆம்னி பஸ் விளக்கடிப்பான்.

போடுவதானால் மாருதி ஜிப்சியின் 1298 சிசி எஞ்சின் போடுங்க. 74-க்கு 75.5. லேத் அண்ணாச்சி சொல்கிற நீள ஓட்டமும் இருக்கிறது, சிசி-யும் இருக்கிறது. கார்புரேட்டர் வைத்ததே 60 குதிரை. முழுக்க அலுமினியம், முன்பக்கம் பாரம் ஏறாது. ஐந்தாவது கியர் ஓவர் டிரைவ், எஞ்சின் மெதுவாகச் சுற்றும், நாலுவழிச் சாலையில் சத்தமில்லாமல் போகலாம்.

பேட்டை லேத்:
எதிர்க்காற்றில் ஐந்தாவது கியர் எதற்கு வே? நீங்களே மூன்றாவதுக்கு இறங்கணும் என்றுதான் சொல்கிறீர்கள். ஆனால் 1171-ஐ விட 1298-க்கு நியாயம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாற்றுவதென்றால் மாற்றியது தெரிய வேண்டும். ஃபியட்டின் டாப் கியர் நேர் கியர், எஞ்சின் சுற்றும் அளவே ஷாஃப்ட்டும் சுற்றும்; 118-இன் நாலு கியர் பாக்ஸிலும் அப்படித்தான். பின் அச்சில் கிரவுன் பல்சக்கரம் பழையதாகவே இருந்தால் 70-இல் போகும்போது இரண்டு எஞ்சினும் ஒரே சுற்றுதான் சுற்றும்.

கல்லிடை:
ஏறுவதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள், இறங்குவதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. பத்மினிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். எங்கள் வீட்டு வண்டியில் பெரிய எஞ்சின் வைத்தார்கள். பிரேக்கை யாரும் தொடவில்லை. ஆரியங்காவு கோவிலுக்குப் போய்த் திரும்பும்போது, கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு அப்பா மூன்றாவது கியரிலேயே இறக்கினார். வேகம் கூடக்கூட மிதித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது வளைவில் லைனிங் கருகிய வாடை வண்டிக்குள் வந்தது. நாலாவதில் பெடல் கல் மாதிரி நிற்கிறது, வண்டி நிற்கவில்லை. ஓரத் தடுப்புச் சுவரில் இடது பக்கத்தை உரசித்தான் நிறுத்தினார். அம்மா மடியில் என் தம்பி இருந்தான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த வாடை இன்றைக்கும் மறக்கவில்லை.

இன்னொன்று ஆர்சி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி அனுமதி இல்லாமல் எஞ்சினை மாற்ற முடியாது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. உங்கள் வண்டிக்கு 2028-ல் ஐம்பது வயது. 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், ஆனால் அசல் வடிவில் இருக்கணும். எஞ்சினை மாற்றினால் அந்த வாசல் அடைபடும்.

தென்காசிச் சாரல்:
அக்கா, அப்பாவுக்கு நடந்தது கேட்கவே பதறுகிறது. ஆனால் இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். அதற்குப் பெரிய எஞ்சின் கெடுதல் இல்லை, உதவிதான். பிரேக்கைப் புதுசாக்கணும் என்பதில் உங்களோடு நானும் நிற்கிறேன்.

விண்டேஜ் விஷயத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அப்படிப் பதிந்தால் வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். அவர் அம்பைக்கும் தென்காசிக்கும் போக வண்டி கேட்கிறார். நான் மாற்றியபோது முறைப்படி அனுமதி வாங்கி ஆர்சி-யில் ஏற்றிக்கொண்டேன். இப்போது கெடுபிடி கூடியிருக்கிறது, அது உண்மை. முதலில் ஆர்டிஓ அலுவலகம், அப்புறம்தான் எஞ்சினுக்கு முன்பணம்.

அசல், அசல் என்கிறீர்களே, பத்மினிக்கு மூலமான ஃபியட் 1100 டி இத்தாலியில் வந்தபோது அதில் இருந்தது 1221 சிசி. நமக்குத்தான் 1089. இந்தப் பாடி பெரிய எஞ்சினைத் தாங்கும் என்று ஃபியட்டே காட்டிவிட்டது.

பேட்டை லேத்:
அந்த 1221-க்கு 72 மில்லி போர், ஸ்ட்ரோக் இதே 75. ஃபியட் 1200-க்கென்று செய்த எஞ்சின் அது. அதைப் பார்த்துவிட்டு 68 மில்லி பிளாக்கை 72-க்கு வெட்டித் தரச் சொல்லி இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன். நாலு மில்லி வெட்டினால் மிச்சச் சுவர் எவ்வளவு நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

பாளைக்காரன்:
சனிக்கிழமை கம்ப்ரஷன் பார்த்தேன். முதல் சிலிண்டர் 118, இரண்டாவது 80, மூன்றாவது 115, நாலாவது 76. ஆயில் விட்ட பிறகு 132, 124, 130, 120. அண்ணாச்சி சொன்னபடி போரும் ரிங்கும்தான்.

ஹெட்டைக் கழற்றினோம். பிஸ்டன் தலையில் கரியைச் சுரண்டினால் 0.8 என்று பொறித்திருக்கிறது. எப்போதோ அப்பா போர் பண்ணியிருக்கிறார், எங்களுக்கு யாருக்கும் தெரியாது. பக்கத்து மூடியையும் தட்டி எடுத்தோம். உள்ளே காரை விரல் கனத்துக்கு. இருபது வருடமாக மாடித் தொட்டித் தண்ணிதான் ஊற்றியிருக்கிறோம்.

பேட்டை லேத்:
0.8 என்றால் போர் 68.8. கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் எஞ்சின் 1115 சிசி. பெரிய எஞ்சின் ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறது. இதற்கு மேல் வெட்ட வேண்டாம். நாலு சிலிண்டருக்கும் ஸ்லீவ், அதாவது உள்குழாய், இறக்கி 68-க்கே கொண்டுவரலாம். இன்னும் பல தடவை போர் பண்ண இடம் கிடைக்கும். கிராங்க்கையும் அளந்து பார்க்கணும், கொண்டு வாங்க.

தென்காசிச் சாரல்:
செய்யுங்க தம்பி, தடுக்கவில்லை. ஆனால் மூன்று பேரிங் எஞ்சின் மூன்று பேரிங் எஞ்சின்தான். நாலுவழிச் சாலையில் 80-க்கு மேல் நெடுநேரம் விரட்டாதீங்க. என் மனதில் உங்கள் வண்டிக்கு 1171-தான் சரி, அதில் மாற்றமில்லை.

பாளைக்காரன்:
மூன்று நாள் யோசித்தேன். ஸ்லீவ் போட்டு 1089-க்கே திரும்புகிறேன். பிளாக்கை வியாழக்கிழமை பேட்டைக்குக் கொண்டு வருகிறேன் அண்ணாச்சி. தென்காசி அண்ணாச்சி மேல் வருத்தமில்லை. அந்த வண்டியில் ஒரு நாள் என்னையும் கோட்டைவாசல் வரை கூட்டிப் போங்கள்.

கல்லிடை அக்கா எழுதியதைப் படித்த அன்றே நாலு டிரம்மையும் கழற்றச் சொல்லிவிட்டேன். பின்பக்கம் இரண்டு வீல் சிலிண்டரும் கசிந்து லைனிங்கில் ஆயில் ஊறியிருந்தது. அதோடுதான் போன மாதம் புளியரையில் இறங்கியிருக்கிறேன்.

பங்கில் இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால் ரப்பர் ஹோசும் பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் சவ்வான டயாப்ரமும் மாற்றப் போகிறேன். எத்தனால் தாங்கும் டயாப்ரம் நெல்லையிலோ மதுரையிலோ எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வள்ளியூர்க் காற்று:
டயாப்ரம் என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்று தருகிறேன். ஆடியில் நாகர்கோவில் போகும்போது வள்ளியூரில் நிறுத்துங்க, காப்பி குடித்துவிட்டுப் பணகுடி வரை நானும் உங்கள் வண்டியில் வருகிறேன். எதிர்க்காற்றில் எத்தனை வேகத்தில் நிற்கிறது என்று பார்த்துவிடுவோம்.