வீட்டுப் பழுதுவேலைகளில் மகளுக்கு எந்த அளவு பங்கு கொடுக்கலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் சில சிறு பழுதுகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. குளியலறைக் குழாய் இறுக மூடிய பிறகும் சொட்டுகிறது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து படுக்கையறைக் கதவு நிலையில் உரசி நிற்கிறது. கூடத்துச் சுவர் ஒன்றின் அடிப்பகுதியில் வண்ணப்பூச்சு உப்பி, வெள்ளைத் தூளாக உதிர்கிறது. இப்படிப்பட்ட வேலைகளை விடுமுறை நாட்களில் நானே செய்துகொள்வது எனக்கு நெடுநாளைய பொழுதுபோக்கு. ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் இதுவரை டார்ச் பிடித்துக்கொண்டும், கேட்ட கருவியை எடுத்துக் கொடுத்துக்கொண்டும் பக்கத்தில் நிற்பாள். இப்போது, "நீங்கள் டார்ச் பிடியுங்கள் அப்பா, நான் கழற்றுகிறேன்" என்கிறாள்.

எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் என் மனைவிக்குத் தயக்கம் இருக்கிறது. ஒரு மணி நேர வேலை என்று தொடங்கியது மாலைவரை நீள்வதையும், அதற்குள் வீட்டுப்பாடம் தள்ளிப்போவதையும் அவர் பார்த்திருக்கிறார். அவர் சொல்வதை நான் புறந்தள்ள விரும்பவில்லை. ஆகவே இரண்டு செய்திகளில் உங்கள் கருத்தை வேண்டுகிறேன். இந்த மூன்று வேலைகளில் எதை, எந்த வரிசையில் அவளிடம் ஒப்படைக்கலாம்? அவள் திணறும்போது நான் எவ்வளவு நேரம் கைகட்டி நிற்க வேண்டும்?

மறுமொழி 1 (தச்சுவேலையைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்)

வணக்கம் ஐயா. வரிசையைத் தீர்மானிப்பதற்கு நான் கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: செய்ததைத் திரும்பப் பெற முடியுமா என்பது. குழாயில் தவறாகப் பொருத்திய வாஷரைக் கழற்றி மறுபடியும் பொருத்தலாம். கதவில் இழைத்துத் தள்ளிய மரத்தை ஒட்டவைக்க முடியாது. எனவே குழாயில் தொடங்குங்கள்.

முதலில் அந்தக் குழாய் எந்த வகை என்பதை அவளே கண்டறியட்டும். கைப்பிடியைப் பல சுற்று சுற்றி மூட வேண்டியிருந்தால் உள்ளே ரப்பர் வாஷர் இருக்கும். கால் சுற்றிலேயே மூடிக்கொண்டால், செராமிக் தகடுகளால் நீரை அடைக்கும் கார்ட்ரிட்ஜ் இருக்கும். வாஷர் வகையில், வாய்ப்பகுதியில் சொட்டினால் வாஷரோ, அது அமரும் இருக்கையோ தேய்ந்திருக்கிறது. கைப்பிடியின் அடியில் கசிந்தால் அங்குள்ள ஓ வளையம் எனப்படும் ரப்பர் வளையத்தையோ, கசிவை அடைக்கும் திணிப்பையோ மாற்ற வேண்டும். இந்த வேறுபாட்டைப் பார்த்துச் சொல்லத் தெரிந்துவிட்டால், அந்த வேலையில் பாதி முடிந்துவிட்டது என்றே நான் கருதுவேன்.

பிறகு தண்ணீர் வரும் வால்வை மூடி, குழாயைத் திறந்து உள்ளே மிஞ்சியிருப்பதை வடியவிட வேண்டும். குழாய்க்கு அடியில் உள்ள தொட்டியின் வடிதுளையைத் துணியால் அடைத்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கைப்பிடியின் சிறு திருகாணி அதற்குள்தான் போய் விழும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியின் மேல் இடமிருந்து வலமாக அடுக்கினால், திரும்பப் பூட்டும்போது எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டிய தேவை இராது. பழைய வாஷரைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோய் அதே அளவில் புதியதை வாங்க வேண்டும். வாஷரை மட்டும் மாற்றுவதற்கு, மரையில் நீர் கசியாமலிருக்கச் சுற்றும் டெஃப்லான் டேப் தேவையில்லை. குழாய் முழுவதையும் சுவரிலிருந்து கழற்றி மறுபடியும் பூட்டும்போதுதான் அதற்கு வேலை. அப்போதும் மரையின் முனை நம்மைப் பார்த்திருக்குமாறு பிடித்துக்கொண்டு வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது டேப் பிரிந்து சுருண்டுவிடும்.

கதவைப் பொறுத்தவரை, மழைக்காலத்தில் இழைப்புளியைத் தொடவே வேண்டாம். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை, அகலவாக்கில்தான் பருக்கிறது. இப்போது உரசும் அளவுக்கு இழைத்துவிட்டால், கோடையில் அதே இடத்தில் இடைவெளி தெரியும். ஆனால் பழுதைக் கண்டறியும் வேலையை இன்றே அவளிடம் தரலாம். கதவின் விளிம்பில் சாக்கட்டியைத் தடவி மூடித் திறந்தால், உரசும் இடத்தில் நிலையின்மேல் அச்சு விழும். அச்சு மேல் மூலையில் மட்டும் விழுந்தால், மேல் கீலின் திருகாணிகளைச் சோதியுங்கள். மரம் பருத்ததாக நாம் நினைக்கும் கதவு பல வேளைகளில் கீல் தளர்ந்து தொங்கிய கதவாகவே இருக்கும். திருகாணித் துளை பெரிதாகிவிட்டிருந்தால், மெல்லிய மரக்குச்சிகளில் பசை தடவி உள்ளே இறுகச் செருகி, காய்ந்தபின் அதே திருகாணியை முடுக்கலாம். அதற்குப் பிறகும் உரசினால் வறண்ட பருவம்வரை பொறுத்திருந்து, கொஞ்சமாக இழைத்து, இழைத்த விளிம்புக்கு உடனே வார்னிஷ் பூசுங்கள். கதவின் அடி விளிம்பையும் மேல் விளிம்பையும் பெரும்பாலோர் பூசாமலே விட்டுவிடுகிறார்கள். ஈரம் மிகுதியாக ஏறும் இடங்கள் அவைதாம்.

மறுமொழி 2 (இயற்பியல் ஆசிரியர்)

படிப்பு கெடுமா என்ற உங்கள் மனைவியாரின் கவலைக்கு, வகுப்பறையில் நான் காண்பதைக் கொண்டு விடை சொல்ல முயல்கிறேன். அளவீடு என்பது ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் இருக்கும் ஓர் எண்ணாகவே நின்றுவிடுகிறது. சொட்டும் குழாய் அதை மாற்றக்கூடியது. வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்தால் ஒரு நாளில் 86,400 சொட்டுகள். ஒரு சொட்டு 0.05 மில்லிலிட்டர் என்று வைத்தால் நாளொன்றுக்கு வீணாவது 4 லிட்டருக்குச் சற்று மேல், 0.25 மில்லிலிட்டர் என்று வைத்தால் 21 லிட்டரைத் தாண்டிவிடும். நாம் கொள்ளும் அனுமானத்தைப் பொறுத்து விடை ஐந்து மடங்கு மாறுகிறது. எந்த விடை சரி என்பதைப் புத்தகம் சொல்லாது. அளவுக் குவளையை அந்தக் குழாயின் கீழேயே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வாஷரைக் கழற்றுவதற்கு முன்பு இதை அவள் அளந்து பார்க்கட்டும்.

சுவரைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. மூன்றில் சிந்தனைக்கு மிகுதியாக இடம் தருவது அதுதான் என்பேன். அந்த வெள்ளைத் தூள் பெரும்பாலும் உப்பு. செங்கல்லிலும் காரையிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வரும் நீர், சுவரின் மேற்பரப்பில் ஆவியாகும்போது உப்பை அங்கேயே விட்டுச் செல்கிறது. ஆகவே சுரண்டிவிட்டு மேலே புதுவண்ணம் பூசினால், உள்ளிருந்து வரும் நீர் அதையும் தள்ளிவிடும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நீர் எங்கிருந்து வருகிறது என்பதே. தரையிலிருந்து ஓதம் ஏறுகிறதா, வெளிச்சுவரின் விரிசல் வழியாக மழைநீர் இறங்குகிறதா, சுவருக்குள் செல்லும் குழாய் கசிகிறதா, அறைக்காற்றின் ஈரமே குளிர்ந்த சுவரில் படிகிறதா?

கடைசிக் காரணத்தை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு சதுர அடி அளவுள்ள தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுவரின்மேல் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஓரிரு நாட்கள் விட்டுவைக்க வேண்டும். தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் தென்பட்டால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த புறத்தில் தென்பட்டால் அது காற்றின் ஈரம். பூச்சு உதிரும் இடத்தில் தாள் ஒட்டாது என்பதால், அதற்குச் சற்று மேலே உறுதியான பகுதியில் ஒட்டுங்கள். முடிவு என்னவாக இருக்கும் என்று அவள் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுத் தாளைப் பிரித்தால் மேலும் நன்று.

மறுமொழி 3 (இரு பிள்ளைகளை வளர்த்தவர்)

ஆசிரியர் ஐயா சொன்னவை அனைத்தும் சரியே. இருப்பினும் ஒரு தாயாக என் மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்ய வேண்டும். ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு கேள்வி, ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு கணக்கு என்று போனால், பிள்ளை தானாகத் தேடி வந்த இடமும் வகுப்பறையாகிவிடும். குழாய் நிற்க வேண்டும், அதைத் தன் கையால் நிறுத்த வேண்டும் என்பதற்காகத்தான் அவள் வருகிறாள். கணக்கை அவளே கேட்டால் கொடுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். படிப்புக்கு உதவும் என்று காட்டினால்தான் இந்த வேலைக்கு இடம் என்ற நிலை வந்தால், மதிப்பெண் குறையும் முதல் மாதத்திலேயே அது நின்றுபோகும்.

உங்கள் மனைவியின் கவலைக்குக் காரணம் படிப்பு நேரத்தின் அளவு மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுப்பாடத்தைப் பாதியில் மூடிவைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். வால்வை மூடிவிட்டுக் குழாயைப் பாதியில் கழற்றிப்போட்டால், வீட்டில் உள்ள எல்லோரும் அந்த வேலைக்குக் கட்டுப்பட்டுவிடுகிறார்கள். வேலை நீள்வதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எரிச்சல் வருவதில் வியப்பில்லை. எங்கள் வீட்டில் பின்பற்றிய முறையைச் சொல்கிறேன். இடையில் நிறுத்த முடியாத வேலை எதையும் விடுமுறை நாளின் காலையில்தான் தொடங்குவோம். மாலையிலும், தேர்வு நெருங்கும் வாரத்திலும் தொடங்க மாட்டோம். தேவையான பொருள் எல்லாம் கைக்கு வந்த பிறகே வால்வை மூடுவோம். எத்தனை மணிக்குத் தண்ணீர் திரும்ப வரும் என்பதைப் பிள்ளையே எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். தாமதமானால் அதையும் பிள்ளையே வந்து சொல்ல வேண்டும். பொறுப்பு என்று நாம் சொல்வதைப் பிள்ளைகள் அப்போதுதான் உணர்கிறார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: அவள் யோசித்துக்கொண்டிருக்கும்வரை காத்திருங்கள், எவ்வளவு நேரமானாலும் சரி. கை நின்றுவிட்டது என்பதற்காக யோசனையும் நின்றுவிட்டதாகக் கொள்ளாதீர்கள். ஒரே தவறான முறையில் பலத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாள் என்று கண்டால் மட்டும், "இப்போது உனக்கு என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். கருவியை அவள் கையிலிருந்து வாங்காதீர்கள். செய்துகாட்ட வேண்டியது இருந்தால் வேறொரு குழாயில் செய்துகாட்டுங்கள். "கொடு, நான் செய்கிறேன்" என்ற வார்த்தை நம் வாயில் எவ்வளவு எளிதாக வருகிறது! பெண் பிள்ளைகளிடம் அது இன்னும் சற்று விரைவாகவே வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

மறுமொழி 4 (மின்பணியாளர்)

மேலே பேசப்பட்ட மூன்றிலும் மின்சாரம் இல்லை. ஆனால் குழாயைச் சரிசெய்த பிள்ளை அடுத்து சுவிட்ச் பெட்டியைத்தான் பார்க்கும் என்பதால் எல்லையை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. மூடியைத் திறந்து மின்கம்பியைத் தொடும் எந்த வேலையும் இந்த வயதில் வேண்டாம். சுவிட்சை அணைத்தால் போதும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் இருக்க வேண்டிய சுவிட்ச், தவறுதலாக அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருந்தால், விளக்கு அணைந்த பிறகும் அங்கே மின்னழுத்தம் இருக்கும். மின்விசிறியின் கெப்பாசிட்டர், மின்சாரம் துண்டிக்கப்பட்ட பிறகும் சிறிது நேரம் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

அவளுக்குத் தரக்கூடிய ஒரு நல்ல வேலை இருக்கிறது. பல வீடுகளில் மின்பலகையில் உள்ள எந்த எம்.சி.பி. (மின்சுற்றைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) எந்த அறைக்கானது என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் ஒவ்வொன்றாக அணைக்க, அவள் வீடெங்கும் சுற்றி எது நின்றது என்று குறித்து, ஒரு வரைபடம் தயாரித்துப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டட்டும். அதோடு எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிக்கொடுங்கள். முன்னது மிகைச் சுமையிலிருந்தும் குறுக்குச் சுற்றிலிருந்தும் கம்பிகளைக் காப்பது. மின்கசிவைக் கண்டு துண்டித்து மனிதரைக் காப்பது பின்னது. வீடுகளில் அது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் துண்டிக்கும்படி அமைந்திருக்கும். அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பதை அவளுடைய பொறுப்பாக்கலாம்.

இன்னொன்று, சுவர் பற்றியது. வீடு பழையதாக இருந்தால் அடியில் உள்ள பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதோ, அந்தத் தூசியில் பிள்ளை நிற்பதோ கூடாது. சோதனைத் தாளை ஒட்டுவது அவள் வேலையாக இருக்கட்டும்; சுரண்டும் வேலை வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

நால்வருக்கும் உளமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் மனைவியும் மகளும் என்னோடு சேர்ந்து படித்தார்கள். தண்ணீர் திரும்ப வரும் நேரத்தை மகளே அறிவிக்க வேண்டும் என்ற இடத்தில் மனைவி சம்மதித்தார். வரும் விடுமுறை நாளின் காலையில் குழாய் என்று முடிவாகியிருக்கிறது. பிளாஸ்டிக் தாள் இன்றே சுவரில் ஏறிவிட்டது. உட்புறத்தில்தான் துளிகள் இருக்கும் என்று அவள் எழுதிவைத்திருக்கிறாள். கதவில் சாக்கட்டி அச்சு மேல் மூலையில் மட்டுமே விழுந்தது, கீலின் திருகாணி ஒன்று கையாலேயே சுழல்கிறது. ஒரே ஒரு ஐயம்: குழாயின் மேல்பாகம் இறுகிப்போயிருக்கிறது. அவளுடைய கைப்பலத்துக்கு அது கழலுமா?

மறுமொழி 1 எழுதியவர்

கழலும். கைப்பிடி நீளமான ஸ்பேனரைக் கொடுங்கள்; 10 செ.மீ. தொலைவில் அழுத்துவதைவிட 20 செ.மீ. தொலைவில் அழுத்தினால், அதே பலத்துக்குத் திருப்புவிசை இருமடங்காகும். அதே காரணத்தால் மரையையோ குழாயையோ உடைப்பதும் எளிதாகிவிடும் என்பதால், குழாயின் அடிப்பாகத்தை நீங்கள் இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முலாம் கீறாமலிருக்க நடுவில் ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளலாம். அசையவில்லையென்றால் சுண்ணாம்புப் படிவு பிடித்திருக்கும்; வினிகரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் சுற்றிவைத்துவிட்டு, தண்ணீரால் கழுவி, மறுபடியும் முயலச் சொல்லுங்கள்.