பெட்ரோல் முள் கோளாறு, காலை ஸ்டார்ட்டிங் தகராறு: உங்கள் அனுபவம் என்ன?

வணக்கம் நண்பர்களே. எங்கள் கார் இருபது வயதைத் தாண்டிவிட்டது. பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டி. ஒன்றரை வருடமாக இரண்டு தொல்லைகள் கொடுத்துக்கொண்டிருந்தது. முதலாவது, காலையில் முதல் ஸ்டார்ட். செல்ஃப் நன்றாகவே சுற்றும், ஆனால் இன்ஜின் பிடிக்காது. நான்கைந்து தடவை முயன்ற பிறகு இருமிக்கொண்டே பிடிக்கும். ஒருமுறை ஓடிவிட்டால் அப்புறம் நாள் முழுக்கத் தொட்டதும் ஸ்டார்ட் ஆகும். இரண்டாவது, பெட்ரோல் முள். டேங்கில் பாதிக்கு மேல் இருந்தாலும் ஓடும்போது முள் காலிக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

இரண்டும் வேறு வேறு வியாதி என்று நினைத்துத் தனித்தனியாக வைத்தியம் பார்த்தேன். ஸ்டார்ட்டிங்குக்காக ஸ்பார்க் ப்ளக் நான்கையும் மாற்றினேன். பேட்டரி மாற்றினேன். இன்ஜின் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சாரையும் மாற்றினேன். முள்ளைப் பொறுத்தவரை, பட்டறையில் மீட்டர் போர்டையே மாற்றச் சொன்னார்கள். அதற்கு மட்டும் மனம் வரவில்லை. எவ்வளவு அடித்தோம், எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்று ஒரு சிறு நோட்டில் குறித்து வைத்தே சமாளித்தேன்.

விஷயம் பிடிபட்டது தற்செயலாகத்தான். ஒரு நாள் போன் வந்ததால் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் ஆனில் விட்டிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே முள் மெதுவாக மேலே ஏறியது. ஏறி, அரையைத் தாண்டி நின்றது. அதுதான் டேங்கில் இருந்த சரியான அளவு. வண்டியை ஸ்டார்ட் செய்தேன், பழையபடி இறங்கிவிட்டது. அணைத்தால் ஏறுகிறது, ஓட்டினால் இறங்குகிறது. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியேதான்.

டேங்கில் பெட்ரோலின் மேல் மிதந்து அளவைச் சொல்லும் மிதவைதான் ஃப்ளோட். அது கெட்டிருந்தால் இன்ஜின் ஓடினாலும் நின்றாலும் தவறாகத்தான் காட்டும். இன்ஜின் ஓடும்போது மட்டும் முள் இறங்குகிறது என்றால், அப்போது மட்டும் வேலை செய்யும் ஏதோ ஒன்று இடையூறு செய்கிறது. டேங்குக்குள் அப்படி இருப்பது பெட்ரோல் பம்ப் ஒன்றுதான். எங்கள் வண்டியில் பம்பும் ஃப்ளோட்டும் ஒரே அசெம்பிளி. இரண்டுக்கும் எர்த் (மின்சாரம் பாடி வழியாக பேட்டரியின் நெகடிவுக்குத் திரும்பும் வழி) போவது ஒரே கருப்பு ஒயர் வழியாக.

இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஃப்ளோட்டின் கை ஒரு மின்தடையின் மேல் நகரும். எங்கள் வண்டியில் பெட்ரோல் குறையக் குறைய அந்தத் தடை கூடும், முள் இறங்கும். எர்த் ஒயர் சரியாக இருந்தால் கணக்கு சரியாக வரும். எர்த் போல்ட்டில் துரு பிடித்து அரை ஓம் தடை உண்டானாலே போதும். பம்ப் 4 ஆம்பியர் இழுத்தால் அந்த இடத்தில் மட்டும் 2 வோல்ட் தேங்கிவிடும். மீட்டருக்கு அது ஃப்ளோட்டின் தடை கூடியது போலத் தெரியும், அதனால் முள் காலியைக் காட்டும். சில கார்களில் தடைக் கணக்கு தலைகீழ். அவற்றில் இதே கோளாறு இருந்தால் உள்ளதை விட அதிகமாகக் காட்டும். அது இன்னும் ஆபத்து, நம்பி ஓட்டி நடுவழியில் நின்றுவிடுவோம்.

காலை ஸ்டார்ட்டிங்குக்கும் காரணம் இதுவேதான். குளிர்ந்த இன்ஜினை செல்ஃப் சுற்றும்போது பேட்டரியே 10 வோல்ட் பக்கம் இறங்கிவிடுகிறது. அதில் எர்த்தில் 2 வோல்ட் போனால் பம்புக்கு மிஞ்சுவது எட்டு. குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் வேண்டிய நேரத்தில் பம்ப் சோர்ந்து சுற்றுகிறது, பிரஷர் எழவில்லை. இன்ஜின் பிடித்ததும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுத்துவிடும், அதனால் குறையே தெரியாது.

சோதித்தது இப்படி: மல்டிமீட்டரின் ஒரு முனையை நீண்ட ஒயர் வைத்து பேட்டரியின் நெகடிவில் கொடுத்தேன். இன்னொரு முனையைப் பம்பின் எர்த் பின்னில் வைத்தேன். தம்பி ஸ்டார்ட் செய்தான். 1.8 வோல்ட்! இந்த இடத்தில் 0.2-க்கு மேல் வரவே கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பின் சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கி, ஒயர் போகும் வழியே தடவிக்கொண்டே போனேன். பாடியில் ஒரு போல்ட். அதன் அடியில் இருந்த வளைய டெர்மினல் முழுக்கப் பச்சைக் களிம்பு. கழற்றியபோது ஒரு பக்கம் பொடியாக உதிர்ந்தது. எப்போதோ கார்ப்பெட்டுக்கு அடியில் தண்ணீர் புகுந்து தேங்கியிருக்க வேண்டும். உப்புத்தாளால் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புது டெர்மினல் போட்டு முறுக்கி, மேலே வாஸ்லின் பூசினேன். மறுபடி அளந்தால் 0.05.

மூன்று மாதம் ஆகிறது. காலையில் முதல் திருப்பிலேயே பிடிக்கிறது. முள்ளும் ஓடினாலும் நின்றாலும் ஒரே இடத்தில் நிற்கிறது. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் சார். என்னுடையது இன்னும் பழசு, கார்புரேட்டர் வண்டி. இதிலும் இரண்டு தொல்லையும் உண்டு, ஆனால் காரணங்கள் வேறு.

ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற மெக்கானிக்கல் பம்ப். எனவே கிண்ணம் நிரம்பும்வரை செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து செகண்டுக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், செல்ஃப் மோட்டார் சூடேறிவிடும். அரை நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள். அதோடு சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைக்கும் தகடு) உண்மையிலேயே மூடுகிறதா என்று ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். என் வண்டியில் குமிழை முழுதாக இழுத்தாலும் உள்ளே தகடு பாதிதான் மூடியது. கேபிள் தளர்ந்திருந்தது, இழுத்துக் கட்டியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முள் எப்போதும் காலியிலேயே கிடந்தது. ஃப்ளோட்டை வெளியே எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினேன், உள்ளே களக் களக் என்று சத்தம். பித்தளை ஃப்ளோட்டில் எங்கோ ஊசி ஓட்டை, பெட்ரோல் உள்ளே புகுந்து மூழ்கிப் போயிருக்கிறது. வெந்நீரில் அமுக்கிப் பிடித்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழ் வரும், மடிப்பு ஓரமாக வந்தது. ஈயம் வைத்து அடைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும்போது நெருப்பைக் கிட்டே கொண்டுபோவது சரியில்லை என்று புது ஃப்ளோட்டே போட்டுவிட்டேன். டேங்கைத் திறக்கிற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்: பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். பள்ளத்தில், மூடிய ஷெட்டில் இந்த வேலை வேண்டாம்.

* * *

என் அனுபவம் சின்னது. பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள் இரண்டுமே ஒரே நேரத்தில் மேலே ஏறிவிட்டன. இன்ஜின் கொதிக்கிறது என்று பயந்து தெர்மோஸ்டாட் மாற்றினேன், பலன் இல்லை. பழைய வண்டிகள் பலவற்றில் மீட்டர் போர்டின் பின்னால் ஒரு குட்டி வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும், எங்கள் வண்டியில் அது 10 வோல்ட். அது கெட்டு, பேட்டரியின் முழு வோல்டேஜும் நேராகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் முதலில் அதைப் பாருங்கள்.

* * *

எனக்கும் காலையில் இதே தொல்லைதான். ஆனால் முள் சரியாகவே காட்டுகிறது. மல்டிமீட்டர் கையில் இல்லை. பம்ப் தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது அண்ணா?

* * *

தம்பி, நாளைக் காலையில் செல்ஃப் அடிக்கும் முன்னால் இதைச் செய். சாவியை ஆனுக்குக் கொண்டுவா. பின் சீட்டு பக்கமிருந்து இரண்டு செகண்டு 'ஊங்' என்று சத்தம் கேட்கும், அதுதான் பம்ப். நின்றதும் சாவியை அணை. மறுபடி ஆன். மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் செய். உடனே பிடித்தால், ராத்திரியில் லைனில் பிரஷர் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு கசியும். மூன்று தடவை செய்தும் பிடிக்காமல் சைலன்சரில் பெட்ரோல் வாசனை மட்டும் தூக்கலாக வந்தால், பெட்ரோல் போதாமல் இல்லை, அதிகமாகிறது. அப்போது இன்ஜெக்டர் சொட்டுகிறதா, சென்சார் தப்பாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சத்தமே கேட்கவில்லை என்றால் முதலில் ஃப்யூஸ், அப்புறம் ரிலே. செய்து பார்த்துவிட்டு என்ன ஆனது என்று இங்கேயே எழுது.