பாகவதர் தட்டு என்கிறோம், எழுதினது பாபநாசம் சிவன்: எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்து அனுபவங்கள்

கல்லடியிலிருந்து:

பழைய இசைத்தட்டு பற்றிப் பேச்சு வந்தால் நம்மட ஆட்கள் தியாகராஜ பாகவதர், கிட்டப்பா, சுந்தராம்பாள் என்று பாடினவர்களின் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு எழுதினவரைப் பற்றிப் பேச வேண்டும். பாபநாசம் சிவனை நான் முதலில் அறிந்தது சங்கீத வகுப்பில்தான். காபி ராகத்தில் 'என்ன தவம் செய்தனை', மத்தியமாவதியில் 'கற்பகமே', நவரசகன்னடாவில் 'நான் ஒரு விளையாட்டு பொம்மையா', இப்படி ஒவ்வொன்றாகப் படித்தோம். தமிழ்த் தியாகையர் என்றும், மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி விடியலில் பஜனை பாடிப் போனவர் என்றும் சொல்லித் தந்தார்கள். சரி, எல்லாம் உண்மை. ஆனால் சினிமாவைப் பற்றி ஒரு சொல் கிடையாது, யாராவது கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பிறகு ஒரு நாள் ஆரையம்பதியில் அம்மப்பாவின் கூட்டாளி ஒருவர் வீட்டுக்குப் போனேன். அவரிடம் சாவி கொடுத்துப் போடுகிற பாட்டுப்பெட்டி நல்ல நிலையில் இருந்தது. தட்டின் நடுவில் கை படாமல் இரண்டு உள்ளங்கையாலும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, மெல்லிய துணியால் துடைத்து, புது ஊசி மாற்றி, அதற்குப் பிறகுதான் சாவி கொடுத்தார். பழைய ஊசியோடு போட்டால் தட்டைக் கீறிப்போடும் என்றார். வந்தது 'மன்மத லீலையை வென்றார் உண்டோ'. அப்போது வகுப்பில் தியாகராஜரின் 'ஆடமோடி கலதே' போய்க்கொண்டிருந்ததால் அதே சாருகேசி ராகம் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். தட்டின் நடுத்தாளைப் பார்த்தேன், படத்தின் பெயர் இருந்தது, பாடினவர் பெயர் இருந்தது, எழுதினவர் பெயர் இல்லை. "ஆர் எழுதினது?" என்று கேட்டேன். "சிவன்தானே பிள்ளை, வேற ஆர்?" என்றார், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்ற மாதிரி. அப்புறம் 'வதனமே சந்திர பிம்பமோ', 'சொப்பன வாழ்வில்', 'ராதே உனக்கு கோபம் ஆகாதடி' என்று வரிசையாகப் போட்டார், எல்லாம் சிவனுடையது. வகுப்பில் நாங்கள் கும்பிட்ட அதே ஆள்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1934ஆம் ஆண்டு சீதா கல்யாணம் படத்தில் சிவன் சினிமாவுக்கு வருகிறார், அவருடைய கீர்த்தனைகளின் தொகுப்பான கீர்த்தனமாலை முதலில் அச்சானதும் அதே ஆண்டுதான், ஆகவே கீர்த்தனை ஒரு காலம், சினிமா இன்னொரு காலம் என்று பிரிக்கவே முடியாது. 1936இல் பக்த குசேலாவில் குசேலராகவே நடித்திருக்கிறார். 1937 சிந்தாமணி, அம்பிகாபதி, அடுத்த ஆண்டு சேவாசதனம், 1940 சகுந்தலை, 1941 அசோக் குமார், 1943 சிவகவி, 1944 ஹரிதாஸ். இதில் ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். சின்ன வயதில் திருவனந்தபுரத்தில் வளர்ந்து சமஸ்கிருதம் படித்த ஒருவர் இவ்வளவு எளிமையான தமிழில் எழுதியிருக்கிறார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

ஒன்றை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன். சினிமாப் பாட்டு அவர் வயிற்றுப்பாட்டுக்கு இடது கையால் எழுதினது என்று சொல்பவர்கள் அந்தத் தட்டுகளைச் சரியாகக் கேட்கவில்லை. நிமிடத்துக்கு 78 தரம் சுற்றுகிற அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கூடிப்போனால் இன்னும் கொஞ்சம். கச்சேரியில் ஒரு வரியையே பல விதமாக மாற்றி நிரவல் பாடி, சுரம் பாடி அரை மணி நேரம் விரிக்கலாம், தட்டில் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் அந்த நேரத்துக்குள் முடிய வேண்டும், ராகத்தின் முகம் முதல் வரியிலேயே தெரிய வேண்டும், அதற்கு மேல் சங்கீதம் ஒன்றும் தெரியாதவனும் ஒரு தரம் கேட்டுவிட்டுத் திரும்பப் பாட வேண்டும். இது கீர்த்தனையைவிடச் சுலபமான வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்களில் யாருக்காவது இந்தத் தட்டுகளோடு பழக்கம் இருந்தால் எழுதுங்கள்.

காரைதீவிலிருந்து:

தங்கச்சி, எங்கட அப்பா லவுட்ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுத்தவர். கல்யாணவீடு, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, கோயில் எல்லாத்துக்கும் போவார், காரைதீவு, நிந்தவூர், கல்முனை, திருக்கோவில் வரைக்கும். குழாய் ஸ்பீக்கரை தென்னையில் கட்டுவது என் வேலை. இன்ன இடத்தில் இன்ன பாட்டு என்று அப்பாவுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. கோயில் என்றால் ஹரிதாஸில் 'கிருஷ்ணா முகுந்தா முராரே' போடலாம், அதே படத்தின் 'மன்மத லீலை'யைப் போட்டால் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் ஆளனுப்பி நிறுத்தச் சொல்லிவிடுவார். கல்யாணவீட்டில் அப்படியே மறுபக்கம், மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது 'மன்மத லீலை'தான் வேண்டும் என்று இளைஞர்கள் வந்து நிற்பார்கள். இரண்டும் ஒரே ஆள் எழுதினது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது, நீங்கள் எழுதினதைப் படித்த பிறகுதான் யோசிக்கிறேன், ஒரே படத்துக்குள் இரண்டு துருவத்தையும் ஒரே பேனாவால் எழுத எவ்வளவு மனத்தெம்பு வேண்டும்.

1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கட கூரைத் தகரம் அத்தனையும் போய்விட்டது. தட்டுகள் பலாப்பலகைப் பெட்டிக்குள் அடுக்கி இருந்தன, சுவர் அதன்மேல் விழுந்தது. அந்தத் தட்டுகள் அரக்கில் செய்தவை, பிளாஸ்டிக் மாதிரி வளையாது, விழுந்தால் ஓடு மாதிரி உடையும். அப்பா உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக்கொண்டு இருந்தார், அம்மா அரிசி நனைந்ததற்கு அழுதார். மிஞ்சினவை கொஞ்சம் என்னிடம் இருக்கின்றன. 'வாழ்விலோர் திருநாள்' ஓரத்தில் சிறு வெடிப்போடு இருக்கிறது, டக் டக் என்று ஒரு சத்தம் கேட்கும், ஆனால் பாடும்.

காத்தான்குடியிலிருந்து:

எங்கட வாப்பா பாய்க்கடை வைத்திருந்தவர். இலங்கை வானொலியில் பழைய பாட்டுப் போகும்போது கடையில் யாரும் விலை பேசக்கூடாது, பாட்டு முடிந்த பிறகுதான் வியாபாரம். 'ராதே உனக்கு கோபம் ஆகாதடி' வந்தால் உம்மாவைப் பார்த்துப் பாடுவார், உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவா. செஞ்சுருட்டி என்ற ராகத்தின் பேரெல்லாம் அவருக்குத் தெரியாது, ஆனால் வேறு யாராவது அதைப் பாடும்போது ஒரு இடம் வழுகினால் உடனே சொல்லிவிடுவார். பாகவதர் பாட்டு என்றுதான் கடைசி வரைக்கும் சொன்னார். சிவன் என்ற பேரை அவருக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை, இருந்திருந்தால் கட்டாயம் சந்தோஷப்பட்டிருப்பார்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

மாமா ஒருவர் ஊர் நாடகங்களுக்குப் பாட்டுக் கட்டினவர். கூத்து இல்லை, பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் சீன் கட்டிப் போடுகிற நாடகம். பிரபலமான தட்டு மெட்டை எடுத்து அதில் தன் சொல்லைப் போடுவது அப்போதைய வழக்கம், அவருடைய கொப்பியில் ஒவ்வொரு பாட்டுக்கு மேலேயும் மெட்டுக்குறிப்பு இருக்கும். 'வதனமே சந்திர பிம்பமோ' மெட்டுக்கு எழுதப் போன பக்கத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும், அடித்து அடித்துத் தாளே கிழிந்திருக்கிறது. அவர் சொல்வார், மற்ற மெட்டுகளில் ஒரு அசையைக் கூட்டிக் குறைத்துச் சமாளித்துவிடலாம், சிவன் மெட்டில் நெடில் வர வேண்டிய இடத்தில் குறிலைப் போட்டால் பாடுகிறவன் வாய் திறக்க மாட்டாது என்று. அதற்காக அந்தத் தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த எழுத்தில் குரல் நிற்கிறது என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். நான் இலக்கணம் படித்தது பள்ளிக்கூடத்தில், ஆனால் எழுத்தை ஒலிக்கிற நேர அளவான மாத்திரை என்றால் என்ன என்று விளங்கினது அந்தக் கொப்பியில்.

கல்லடியிலிருந்து:

களுவாஞ்சிக்குடி அண்ணா, அந்தக் கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்துப் போட முடியுமா? பென்சில் கோடு போட்ட பக்கம் முக்கியமாக வேண்டும், தட்டோடு வைத்துப் பாடிப் பார்க்க ஆசை. காரைதீவு அண்ணா, உங்களிடம் மிஞ்சின தட்டுகளைத் தயவுசெய்து இனி இரும்பு ஊசியில் அடிக்கடி ஓட விடாதீர்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்ந்துபோகும். சாய்த்துப் போடாமல் நிமிர்த்தி அடுக்கி வையுங்கள். கணினியில் பதிவு செய்யத் தெரிந்த கூட்டாளி ஒருத்தி இங்கே இருக்கிறாள், இருவரும் வருகிறோம், பதிவு செய்கிறபோது பாடினவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதினவர் பெயரையும் நாங்களே சேர்த்து எழுதிவிடுகிறோம்.