ரோபோகால்: ‘தானியங்கி அழைப்பு’ போதுமா? ‘செய்குரல் அழைப்பு’ என்று ஒரு முன்மொழிவு

எல்லோருக்கும் வணக்கம்.

ரோபோகாலுக்கு, அதாவது ஆளுக்குப் பதில் இயந்திரக் குரல் பேசும் தொலைபேசி அழைப்புக்கு, ‘தானியங்கி அழைப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே, ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே என்று ஐயா நேற்று எழுதியிருந்தீர்கள். புழங்குகிற சொல்லை மாற்றுவதில் எனக்கும் விருப்பமில்லை. ஆனால் நியூ ஜெர்சியில் பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் நம் பெரியவர்களுக்காக இந்த அழைப்புகளைப் பற்றிக் கையேடு எழுத உட்கார்ந்தபோது, அந்தச் சொல் இரண்டாவது பத்தியிலேயே காலை வாரிவிட்டது.

அமெரிக்காவில் இந்த அழைப்புகளைக் கட்டுப்படுத்தும் விதிகளுக்கு அடிப்படை, 1991ஆம் ஆண்டின் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அது இரண்டைப் பிடிக்கிறது. ஒன்று, எண்களைத் தானாக அழைக்கும் கருவி. மற்றது, செயற்கைக் குரலோ முன்பே பதிந்து வைத்த குரலோ பேசுவது. 2021 ஏப்ரலில் ஃபேஸ்புக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கருவியின் வரையறையை நன்றாகச் சுருக்கிவிட்டது. எண்களைக் குருட்டாம்போக்கிலோ வரிசையாகவோ உருவாக்கும் கருவியாக இருக்க வேண்டும், கையிலிருக்கும் பட்டியலைப் பார்த்துத் தானாக அழைத்தால் மட்டும் போதாது என்று சொல்லிவிட்டார்கள். ஆக ‘தானாக அழைப்பது’ என்ற பக்கம் இளைத்துப்போய், இன்று சட்டம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பது குரலைத்தான். நாமோ இளைத்த பக்கத்தை வைத்துப் பெயர் சூட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, குரலை வைத்தே பெயரிடலாம் என்றால் ‘முன்பதிவுக் குரல்’ என்று எழுதிப் பார்த்தேன். படித்துப் பார்த்த மாமி ஒருவர், ரயில் டிக்கெட் விஷயமா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை, முன்பதிவு என்றால் நமக்கு அதுதான். ‘பதிவுக் குரல்’ என்று சுருக்கினாலும் இப்போது செல்லாது. 2024 பிப்ரவரியில் தொலைபேசித் துறையைக் கண்காணிக்கும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் (FCC), செயற்கை நுண்ணறிவு உண்டாக்கும் குரலும் இந்தச் சட்டத்தின் ‘செயற்கைக் குரல்’தான் என்று தெளிவாக்கிவிட்டது. அந்தக் குரல் எங்கேயும் பதிந்து வைத்ததாக இருக்க வேண்டியதில்லை, நாம் ஹலோ சொன்னபிறகுகூடப் பிறக்கலாம்.

அப்போதுதான் ‘செய்குன்று’ நினைவுக்கு வந்தது. கையால் எழுப்பிய குன்றுக்கு நம் பழைய சொல். அதே அச்சில் ‘செய்குரல்’. வினைத்தொகை என்பதால் செய்த குரல், செய்கின்ற குரல், செய்யும் குரல் மூன்றும் உள்ளே அடங்கிவிடுகின்றன. பதிந்து வைத்ததும் அதில் சேரும், அந்த நொடியில் இயந்திரம் உண்டாக்குவதும் சேரும். இவ்வளவு சின்னச் சொல் சட்டம் சொல்லும் இரண்டு வகைக் குரலையும் தாங்குவது எனக்கு உண்மையிலேயே பெரிய மகிழ்ச்சி.

அக்கா சொன்ன ‘பொறியழைப்பு’ அழகான சொல், மறுக்கவில்லை. இயந்திரம், கண்ணி இரண்டு பொருளும் வருகிறது. ஆனால் அந்தக் கண்ணிதான் எனக்குத் தடை. பனி கொட்டிய நாளில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, ‘இன்று பள்ளி இல்லை’ என்று வருவதும் ரோபோகால்தான். அதைப் பொறி என்று சொன்னால் பாட்டி அதையும் வெட்டிவிடுவார். சொல் பொதுவாக இருக்கட்டும், கெட்டதைச் சொல்லும்போது ‘சட்டவிரோத’ என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, அழைத்தவர் எண்ணைப் பொய்யாகக் காட்டுவது. இதற்கு ‘எண்மாறாட்டம்’ என்று எழுதியிருக்கிறேன். ஆள்மாறாட்டம் தெரிந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. என் அம்மாவுக்கு வந்த ஓர் அழைப்பில் முதல் ஆறு இலக்கமும் அவருடைய எண்ணேதான், பக்கத்துத் தெரு ஆள் என்று நினைத்து எடுத்துவிட்டார். பிறகு நான் அந்த எண்ணுக்குப் பேசினால் யாரோ ஒரு பெண்மணி, தான் யாரையும் அழைக்கவே இல்லை, காலையிலிருந்து எல்லோரும் திட்டுகிறார்கள் என்று அழாத குறையாகச் சொன்னார். எண்ணைப் பறிகொடுத்தவரும் இதில் பாதிக்கப்பட்டவர்தான், ‘மாறாட்டம்’ அதையும் காட்டுகிறது.

இதைத் தடுக்கத்தான் ஸ்டிர்/ஷேக்கன் முறை வந்தது. 2019 டிசம்பர் 30 அன்று கையெழுத்தான டிரேஸ்டு சட்டத்தின்படி, பெரிய தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் இணையநெறி (IP) வலையமைப்புகளில் 2021 ஜூன் 30க்குள் இதைப் பொருத்த வேண்டியிருந்தது. அழைப்பு கிளம்பும் இடத்திலேயே நிறுவனம் மின்கையொப்பம் இட்டு அனுப்பும். அந்த ஒப்பத்தில் மூன்று தரம் உண்டு. ஏ என்றால் வாடிக்கையாளரையும் தெரியும், அந்த எண் அவருக்கு உரியது என்றும் தெரியும். பி என்றால் ஆளைத் தெரியும், எண்ணைப் பற்றி உறுதியில்லை. சி என்றால் எங்கிருந்து உள்ளே வந்தது என்பது மட்டும் தெரியும். இதற்குச் ‘சான்றளிப்பு’ வேண்டாம், ‘சான்றொப்பம்’ என்று போடுவோம். பச்சை மைக் கையெழுத்துக்காக நகலை எடுத்துக்கொண்டு அலைந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும், மூலத்தைப் பார்க்காமல் ஒப்பமிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளர்களுக்கு அதிபர் பைடன் பேசுவதுபோல் செய்குரல் அழைப்புகள் போயினவே, அவற்றைத் தன் வலையமைப்பு வழியாக அனுப்பிய லிங்கோ டெலிகாம் நிறுவனம் அவற்றுக்கு ஏ ஒப்பம்தான் இட்டிருந்தது. அதற்காக 10 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அழைப்புகளுக்கு ஏற்பாடு செய்தவருக்கு 60 லட்சம் டாலர் அபராதம்.

ரோபோகால்களைத் தடுக்கத் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தொலைபேசி நிறுவனங்கள் ஆணையத்திடம் பதிந்து வைக்கும் ‘தடுப்புப் பதிவேடு’ பற்றி யாரும் மறுப்புச் சொல்லவில்லை, அதனால் அப்படியே விடுகிறேன். அந்தப் பதிவேட்டில் இல்லாத நிறுவனத்தின் அழைப்பை மற்ற நிறுவனங்கள் ஏற்கக் கூடாது, 2021 செப்டம்பர் 28 முதல் இதுதான் விதி. 2025 ஆகஸ்டில் 1,200க்கும் மேற்பட்ட நிறுவனங்களை ஆணையம் அதிலிருந்து நீக்கியது. வாக்காளர் பட்டியலுக்குச் சொல்வதுபோல் ‘பெயர் நீக்கம்’ என்றாலே போதும். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை முதலில் உள்ளே வாங்குபவருக்கு ‘நுழைவாயில் நிறுவனம்’.

இடிப்பது ஒன்றே ஒன்று, அழைப்பு எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் போகும் ‘டிரேஸ்பேக்’. ஓர் அழைப்பு நான்கைந்து நிறுவனங்கள் கைமாறி வருகிறது. கடைசியில் வாங்கியவரிடம் தொடங்கி, ‘உனக்கு யார் தந்தது’ என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே பின்னால் போவார்கள், கேட்டால் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ‘தடமறிதல்’ கொரோனாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘பின்தொடர்தல்’ என்றால் சமூக ஊடகம். ‘மூலத்தேடல்’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன், ஆனால் கை கையாகப் பின்னால் போவது அதில் வரவில்லை. ஐயா, அக்கா, ஈழத்து நண்பர்கள் யாரிடமாவது இதைவிட நல்ல சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறோம்.