கூகுளில் முதலிடமா, குருசாமியின் போன் நம்பரா?

குமுளிக் கடை:
குமுளியில் தேக்கடி போகும் சாலையில் எங்களுக்கு ஏலக்காய், மிளகுக் கடை. அப்பா கம்பத்திலிருந்து மலையேறி வந்து தொடங்கியது. போன வாரம் ஒரு நிறுவனத்துக்காரர் வந்தார். மாதம் 12,000 ரூபாய் கொடுத்தால் கூகுளில் முதல் இடத்தில் நிறுத்துகிறோம், எழுதியே தருகிறோம் என்கிறார். அப்பாவுக்கு இஷ்டமில்லை. அந்தப் பணத்தில் கார்த்திகை பிறக்கும் முன் பழைய வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்கு ஐம்பது கிராம் ஏலக்காய் அனுப்பலாம் என்கிறார். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

போடி வியாபாரி:
அப்பா பேச்சைக் கேளுங்கள் தங்கச்சி. 2018 வெள்ளத்தில் தோட்டங்கள் அடிபட்டு, 2019 ஆகஸ்டில் இடுக்கி புற்றடி ஏலச் சந்தையில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். புதிதாக வந்தவர்கள் விலையைக் கேட்டதும் படியிறங்கிவிட்டார்கள். பழைய ஆட்களுக்கு நானே போன் போட்டேன். "இப்போது கிலோ வேண்டாம், நூறு கிராம் வாங்கிச் சமாளியுங்கள். விலை இறங்கினதும் சொல்கிறேன்" என்றேன். இறங்கியதும் சொன்னேன். அவர்கள்தான் இன்றைக்கும் என் கடையை ஓட்டுகிறார்கள். ஒரு குருசாமி மனசு வைத்தால் சபரிமலையிலிருந்து திரும்பும்போது ஒரு பஸ்ஸே கடை வாசலில் நிற்கும். இதை எந்தத் தேடல் தரும்?

லோயர்கேம்ப் வலைக்காரி:
குருசாமி சரி அண்ணே. அந்த பஸ்ஸில் இருக்கும் சின்னப் பையன்கள்? வண்டி மலை ஏறும்போதே போனில் கடை தேடிவிடுகிறார்கள். தேக்கடிக்குப் படகுச் சவாரி வருகிறவர்களும் அப்படித்தான். தேடலில் இல்லாத கடைக்கு ஆளைக் கொண்டுவருவது கார் டிரைவர். அவருக்குக் கமிஷன் தர வேண்டும், அந்தக் கமிஷன் ஏலக்காய் விலையில் ஏறும். அடுத்த முறை டிரைவர் வேறு கடையில் நிறுத்தினால் அந்த ஆளும் அங்கேதான் இறங்குவார். நம் வாடிக்கையாளர் என்று நினைத்தவர் டிரைவருடைய ஆள்!

ஆனால் தங்கச்சி, அந்த 12,000 ரூபாயைத் தராதீர்கள். கடைகளை வரிசைப்படுத்தப் பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றையும் பார்ப்பதாகவும், பணம் கொடுத்து மேலே போக வழியில்லை என்றும் கூகுளே எழுதி வைத்திருக்கிறது. 'விளம்பரம்' என்று போட்டு மேலே வருவது வேறு கணக்கு. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. கடையைப் பதிவு செய்வது இலவசம். மேப்பில் புள்ளி சரியாக விழ வேண்டும், மண்டல காலத்தில் எத்தனை மணிவரை திறந்திருக்கிறது என்று இருக்க வேண்டும், எட்டு எம்.எம். அளவுள்ள ஏலக்காய்க்கு நீங்களே எடுத்த படம் வேண்டும். ஒரு மத்தியான வேலை.

போடி வியாபாரி:
இலவசம் என்பதுதான் எனக்குப் பயம். கடைப்பதிவோடு கூகுள் இலவசமாகத் தந்த வெப்சைட்டை நம்பி என் மருமகன் விலைப்பட்டியல் எல்லாம் அதில்தான் வைத்திருந்தான். 2024 மார்ச்சில் அந்த வசதியையே நிறுத்திவிட்டார்கள். என் பில் புத்தகத்தில் இருக்கும் நம்பரை யார் நிறுத்த முடியும்?

லோயர்கேம்ப் வலைக்காரி:
நியாயம்தான், நம்பர் நம் கையில் இருக்க வேண்டும். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் போட்டால், உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் போகும். ஒரு பட்டியலில் 256 பேர்தான். போனை மாற்றி நம்பரைத் தொலைத்தவர் என்ன செய்வார்? கடைப் பெயரைப் போட்டுத் தேடுவார். பழைய வாடிக்கையாளரும் தேடித்தான் வருகிறார் அண்ணே.

மதுரைப் பயணி:
வாங்குகிறவன் பக்கத்திலிருந்து ஒன்று. போன வருஷம் மலைமேல் ஒரு கடையில், கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டால் ஐம்பது கிராம் மிளகு சும்மா என்றார்கள். நின்ற இடத்திலேயே போட்டேன். வீட்டுக்கு வந்து ஏலக்காயை உரித்தால் பாதியில் ஏலரிசியே இல்லை. நான் போட்ட நட்சத்திரத்தை நம்பி எத்தனை பேர் வாங்கினார்களோ என்று இன்றும் உறுத்துகிறது. அப்புறம் அழித்துவிட்டேன். பரிசு கொடுத்துப் பாராட்டு வாங்குவது கூகுள் விதிப்படியே தப்பு.

போடி வியாபாரி:
இதைத்தான் சொல்கிறேன். பாராட்டைக் கேட்டு வாங்கவே கூடாது.

லோயர்கேம்ப் வலைக்காரி:
கேட்கலாம் அண்ணே, பரிசுதான் கூடாது. திருப்தியான ஆள் சும்மா இருப்பார், கோபப்பட்டவர் அன்றைக்கே எழுதிவிடுவார். கேட்காவிட்டால் கோபம் மட்டும்தான் அங்கே நிற்கும்.

குமுளிக் கடை:
நேற்று அப்பாவிடம் மேப்பைக் காட்டினேன். எங்கள் புள்ளி ஒரு தெரு தள்ளி ஒரு லாட்ஜ் மேல் இருக்கிறது. போன சீசனில் "கடையைக் காணோமே" என்று சில பழைய ஆட்கள் கேட்டார்களாம். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நிறுவனத்துக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இன்று பில் புத்தகத்திலிருந்து அப்பா பெயர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், நூற்றுப்பத்து ஆகிவிட்டது. பாராட்டு கேட்பதற்கு அரைமனதாகத்தான் சம்மதித்தார். அதுவும் கடையில் வைத்து இல்லை. பத்து நாள் கழித்து அவரே போன் போட்டு, பாயசத்துக்குப் போட்டீர்களா, வாசம் எப்படி என்று விசாரித்த பிறகுதான் கேட்பாராம்.