சட்டைச் சீட்டில் உள்ள உரிம எண்ணை எப்படிச் சரிபார்ப்பது?

நெறிசார்ந்த ஆடை நிறுவனம் என்று தன்னை அறிவித்துக்கொள்ளும் ஒன்றிடமிருந்து மூன்று மாதங்களுக்கு முன் ஓர் ஆர்கானிக் பருத்திச் சட்டை வாங்கினேன். அதன் சீட்டில் ஜி.ஓ.டி.எஸ். (ஆர்கானிக் துணிகளுக்கான உலகளாவிய தரநிலை) முத்திரையும் 'ஆர்கானிக்' என்ற சொல்லும் உள்ளன. அந்தத் தரநிலையின்படி 'ஆர்கானிக்' என்று குறிப்பிட, இழையில் குறைந்தது 95 விழுக்காடு இயற்கை வேளாண்மையில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்பதோடு, சான்றளித்த அமைப்பின் பெயரும் உரிம எண்ணும் சீட்டில் இடம்பெற வேண்டும். இரண்டும் இருக்கின்றன, ஆனால் ஜி.ஓ.டி.எஸ். பொதுத் தரவுத்தளத்தில் அந்த எண்ணைக் கொண்டு தேடினாலும், நிறுவனத்தின் பெயரைக் கொண்டு தேடினாலும் எதுவும் கிடைக்கவில்லை.

நிறுவனத்துக்கு இருமுறை மின்னஞ்சல் அனுப்பினேன். முதலில் பொதுவான வாக்குறுதி ஒன்று வந்தது. அடுத்து, ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 சான்றிதழின் நகலை அனுப்பினார்கள். அது துணியில் தீங்கான வேதிப்பொருள்கள் உள்ளனவா என்று சோதிப்பதற்கானதே தவிர, பருத்தி எப்படி விளைந்தது, தைத்தவருக்கு என்ன கூலி கிடைத்தது என்பவற்றைச் சொல்லாது. கேட்டது ஒன்று, வந்தது வேறு. தொழிற்சாலைகளின் விவரங்களைப் பொதுவில் பட்டியலிடும் ஓப்பன் சப்ளை ஹப் தளத்திலும் இந்நிறுவனத்தோடு தொடர்புடைய தொழிற்சாலை எதுவும் தென்படவில்லை.

இந்த எண் காலாவதியானதா, போலியானதா என்பதை உறுதிசெய்ய, சான்றளித்த அமைப்பிடம் ஒரு வாடிக்கையாளர் எந்த ஆவணத்தைக் கேட்க வேண்டும்?